மாத்திரைக்கு அடங்காத அரிய தலைவலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மாத்திரை, ஒரு குட்டித் தூக்கம் என்று தலைவலி முடிந்துபோகிறவர்களுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது. வருடக்கணக்கில் வலியோடு அலைந்து, ஸ்கேன் எல்லாம் 'நார்மல்' என்று வந்து, மாத்திரைப் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எழுதியது இது. மருந்தின் அளவுகளை இங்கே சொல்லியிருப்பது, மருத்துவரிடம் பேசும்போது விஷயம் பிடிபட வேண்டும் என்பதற்காக. அதைப் பார்த்துவிட்டு நீங்களாக மருந்துக்கடைக்குப் போக வேண்டாம்.

எனக்கு எந்த மருந்தும் கேட்கவில்லை. இதைத்தான் 'மருந்துக்கு அடங்காத தலைவலி' என்கிறார்களா?

இருக்கலாம். ஆனால் அந்த முத்திரையை அவ்வளவு சீக்கிரம் குத்திக்கொள்ளாதீர்கள். 'எதற்கும் கேட்கவில்லை' என்று வருகிறவரின் பழைய மருந்துச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், பெரும்பாலும் நாலு கோளாறுகளில் ஒன்று கண்ணில் படும். தலைவலியின் வகையே தவறாகக் கணிக்கப்பட்டிருக்கும். வகை சரியாக இருந்தால் மருந்தின் அளவு போதாமல் இருக்கும். அளவும் சரி என்றால், பலன் தெரிவதற்குள் நிறுத்தியிருப்பார்கள். இதெல்லாம் இல்லையென்றால், தினமும் விழுங்குகிற வலிநிவாரணியே வலியை ஓயவிடாமல் வைத்திருக்கும்.

வெராபமில் என்று தலைவலி வராமல் தடுக்கும் மருந்து ஒன்று உண்டு. 'வெராபமில் போட்டுப் பார்த்தாச்சு, வேலைக்கு ஆகலை' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம், ஏன் நிறுத்தினீர்கள் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது தகவல். ஒரு நாளைக்கு 120 மில்லிகிராம் வீதம் பத்து நாள் போட்டுவிட்டு நிறுத்தியிருந்தால், அந்த மருந்து இன்னும் முயற்சி செய்யப்படவே இல்லை என்றுதான் கணக்கு.

மருத்துவ உலகம் இதற்குச் சில வரையறைகள் வைத்திருக்கிறது. ஐரோப்பியத் தலைவலிக் கூட்டமைப்பு 2020-இல் சொன்னபடி, மூன்று வெவ்வேறு வகுப்புத் தடுப்பு மருந்துகளாவது பலன் தராமல், மாதம் 8 நாட்களுக்குக் குறையாமல் முடக்கிப்போடும் வலி 3 மாதமாகத் தொடர்ந்தால் அது மருந்தை எதிர்க்கும் மைக்ரேன். கையில் இருக்கும் எல்லா வகுப்புகளையும் பார்த்த பிறகும் அதே நிலை 6 மாதம் நீடித்தால்தான் அடங்காத மைக்ரேன். நாள்பட்ட கிளஸ்டர் தலைவலிக்கு (கண்ணைச் சுற்றி ஒரே பக்கம் தாக்கும் கடும் வலி) 2014-இல் வகுத்த வரையறை தனி: முறையாக மூன்று தடுப்பு மருந்துகளை முயன்ற பிறகும் வாரத்துக்கு மூன்று கடும் தாக்குதலாவது வர வேண்டும். பக்கவிளைவு தாங்காமல் நிறுத்தியதும், வேறு நோய் இருப்பதால் கொடுக்க முடியாமல் போனதும் தோல்விக் கணக்கில்தான் சேரும்.

வகையைக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? எல்லாம் தலைவலிதானே?

அரிய தலைவலிகளில் வகைதான் மருந்தையே தீர்மானிக்கிறது. ஒன்றுக்கு உயிர்காக்கும் மருந்து, பக்கத்து வகைக்குத் துளியும் உதவாது. இத்தனைக்கும் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்: ஒரே பக்கம், கண்ணைச் சுற்றி, கண்ணில் நீர், மூக்கில் அடைப்பு.

பிரித்துக் காட்டுவது கடிகாரம். ஒரு தாக்குதல் 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரம் வரை நீடித்து, இரண்டு நாளைக்கு ஒன்றிலிருந்து ஒரு நாளைக்கு எட்டு வரை வந்தால் கிளஸ்டர் தலைவலி. 2 முதல் 30 நிமிடத்தில் முடிந்து, நாளொன்றுக்கு ஐந்து தடவைக்கு மேல் வந்தால் பராக்ஸிஸ்மல் ஹெமிகிரேனியா. ஒரு விநாடியிலிருந்து 10 நிமிடம் வரையிலான குத்தல்கள், சில நாட்களில் நூற்றுக்கணக்கில் கூட, வந்தால் சன்க்ட் அல்லது சுனா என்ற வகை. தலையின் ஒரே பக்கம் 3 மாதத்துக்கு மேல் விடாமல் வலித்து, நடுநடுவே ஏறி இறங்கினால் ஹெமிகிரேனியா கன்டினுவா. இந்த நாலும் ஒரே குடும்பம்.

அதனால்தான் நல்ல தலைவலி மருத்துவர் 'எவ்வளவு வலிக்கிறது' என்பதைவிட 'எவ்வளவு நேரம் வலிக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை' என்று துருவிக் கேட்பார். 'ரொம்ப நேரம்', 'அடிக்கடி' என்று பதில் சொன்னால் அவர் வேலை நின்றுவிடும். போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

எனக்கு இருப்பது மைக்ரேனா, கிளஸ்டரா?

வலியின்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்த்தாலே பாதி பதில் கிடைக்கும். மைக்ரேன்காரர் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் படுப்பார், அசைந்தால் வலி கூடும். கிளஸ்டர்காரரால் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. அறைக்குள் அங்குமிங்கும் நடப்பார், முன்னும் பின்னும் ஆடுவார், கையால் கண்ணை அழுத்துவார், சிலர் தலையைச் சுவரில் மோதிக்கொள்வார்கள். இரவு படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுப்பிவிடும். பலருக்குத் தினமும் அதே நேரத்துக்கு வரும். அந்தப் பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும், இமை தொங்கும், மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும். வலி விட்டதும் சுத்தமாக ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும்.

இன்னொரு அடையாளம் பருவம். ஆறேழு வாரமோ சில மாதமோ தினமும் வாட்டிவிட்டு, பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் காணாமல் போகும். பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை இப்படி இடைவெளி கிடைக்காமல், அல்லது வருடத்தில் 3 மாதத்துக்கும் குறைவான ஓய்வோடு அவதிப்படுவார்கள். அதுதான் நாள்பட்ட வகை. வலிப்பருவத்தில் கொஞ்சம் மது உள்ளே போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் தாக்குதல் கிளம்பும். பருவம் முடிந்த பிறகு அதே மது ஒன்றும் செய்யாது.

ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய நோய் இது. ஆண்களிடம் அதிகம் காணப்படுவதாலேயே பெண்களுக்கு வரும்போது மைக்ரேன் என்று தள்ளிவிடுவது நடக்கிறது. சைனஸ் என்று மூக்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், பல் என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் இந்த நோயில் ஏராளம். மூக்கடைப்பும் மேல்தாடை வலியும் சேர்ந்து வருவதால் வரும் ஏமாற்றம் அது. வலி ஒரு மணி நேரத்தில் முழுசாக விட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு வருகிறது என்றால் பல்லில் கைவைக்கும் முன் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கிளஸ்டர் தாக்குதல் வந்த நேரத்தில் என்ன செய்வது?

முதலில், வாய்வழி மாத்திரையை நம்பாதீர்கள். அது வயிற்றில் கரைந்து ரத்தத்தில் ஏறுவதற்குள் தாக்குதல் தானாகவே முடிந்துபோயிருக்கும். 'மாத்திரை போட்டேன், ஒரு மணி நேரத்தில் சரியாச்சு' என்று பலர் நினைப்பதும் இதனால்தான்.

இரண்டு வழிகள் நன்கு நிரூபணமானவை. ஒன்று சுத்தமான ஆக்சிஜன். நிமிடத்துக்கு 12 லிட்டருக்குக் குறையாமல், 15 நிமிடம். 2009-இல் வெளியான ஒரு பரிசோதனையில் ஆக்சிஜன் சுவாசித்த தாக்குதல்களில் 78 சதவீதத்தில் 15 நிமிடத்துக்குள் வலி நின்றது அல்லது போதுமான அளவு தணிந்தது. சாதாரணக் காற்று கொடுத்தபோது 20 சதவீதம்தான். பக்கவிளைவு என்று பெரிதாக எதுவும் இல்லாத சிகிச்சை, எத்தனை தடவை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இருந்தும் பலருக்கு இது எழுதித் தரப்படுவதே இல்லை என்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

'ஆக்சிஜனும் பார்த்துட்டேன், கேக்கலை' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது முகமூடியைப் பற்றித்தான். மூக்கில் செருகும் மெல்லிய குழாய் வழியாக நிமிடத்துக்கு 2, 4 லிட்டர் வைத்தால் பலன் இருக்காது. கீழே பை தொங்கும், வெளிக்காற்றை உள்ளே விடாத முகமூடி வேண்டும். முகத்தோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும், பக்கவாட்டுத் துளைகள் வழியே அறைக்காற்று கலக்கக் கூடாது. மூச்சை இழுக்கும்போது பை முழுசாகச் சப்பிப்போனால் ஓட்டம் போதவில்லை என்று பொருள், 15 லிட்டருக்கு ஏற்ற வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, லேசாக முன்பக்கம் சாய்ந்து, வலி தொடங்கிய உடனே ஆரம்பிக்க வேண்டும். உச்சத்துக்குப் போன பிறகு தொடங்கினால் அவ்வளவு நன்றாகக் கேட்காது. வீட்டில் வைத்துக்கொள்ளும் சாதாரண ஆக்சிஜன் செறிவூட்டி இந்த அளவு ஓட்டம் தராது, சிலிண்டர்தான் சரி. பக்கத்தில் சிகரெட்டோ நெருப்போ கூடவே கூடாது. நாள்பட்ட நுரையீரல் நோய் இருப்பவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது வழி, தோலுக்கடியில் போடும் 6 மில்லிகிராம் சுமட்ரிப்டான் ஊசி. பெரும்பாலோருக்குக் கால் மணி நேரத்துக்குள் கேட்கும். 24 மணி நேரத்தில் இரண்டுக்கு மேல் கூடாது. மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆகாது. ஊசி வேண்டாம் என்பவர்களுக்கு மூக்கில் அடிக்கும் ஜோல்மிட்ரிப்டான் இருக்கிறது, சற்று மெதுவாக வேலை செய்யும்.

தாக்குதலே வராமல் தடுக்க முடியாதா?

முடியும். வேலை இரண்டு கட்டமாக நடக்கும்: உடனே அடக்கிவைக்க ஒன்று, நீண்ட நாளைக்கு ஒன்று.

உடனே அடக்க ஸ்டீராய்டு. பிரட்னிசோன் 100 மில்லிகிராமில் 5 நாள் தொடங்கி, 3 நாளுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் குறைத்துக்கொண்டே வரும் முறை 2021-இல் வெளியான பரிசோதனையில் முதல் வாரத் தாக்குதல்களைக் குறைத்துக் காட்டியது. அல்லது பின்தலையில், வலிக்கும் பக்கத்து ஆக்சிபிடல் நரம்பைச் சுற்றி ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும் சேர்ந்த ஊசி. ஐந்து நிமிட வேலை. பலருக்குப் பல வார நிம்மதி தருகிறது. ஸ்டீராய்டு மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்பதற்காகவே மாதக்கணக்கில் தொடர்வது ஆபத்து. சர்க்கரை, எலும்பு, கண் எல்லாவற்றையும் அது பதம் பார்க்கும்.

நீண்ட நாளைக்கு வெராபமில். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அதே மருந்துதான், ஆனால் இங்கே 240-இல் தொடங்கி, தேவைப்பட்டால் 960 மில்லிகிராம் வரைகூடப் போவார்கள். இதயத்தின் மின்னோட்டத்தை அது தடுக்கக்கூடும் என்பதால் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். 'எனக்குத் தலைவலி, நெஞ்சுக்கு எதற்கு ஈ.சி.ஜி.' என்று அதைத் தட்டிக்கழிக்கிறவர்கள் உண்டு, செய்யாதீர்கள். மலச்சிக்கலும் ஈறு வீக்கமும் வரலாம்.

அதற்கும் அடங்காவிட்டால் லித்தியம். ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் கண்காணிக்க வேண்டும். டோபிரமேட், மெலடோனின் ஆகியவையும் சேர்க்கப்படுவதுண்டு. கால்கனெசுமாப் என்ற ஊசியை, மாதம் 300 மில்லிகிராம் வீதம், விட்டு விட்டு வரும் கிளஸ்டருக்கு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2019-இல் அனுமதித்தது. நாள்பட்ட வகையில் அதே ஊசி பரிசோதனையில் தேறவில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் விட்டு விட்டு வருவதும் விடாமல் வருவதும் சிகிச்சைக்கு ஒரேமாதிரி இணங்குவதில்லை.

இன்டோமெதாசின் என்று ஒன்றை முயலச் சொல்கிறார்கள். சாதாரண மூட்டுவலி மாத்திரைதானே அது?

ஆமாம், பழைய மாத்திரைதான். ஆனால் பராக்ஸிஸ்மல் ஹெமிகிரேனியாவுக்கும் ஹெமிகிரேனியா கன்டினுவாவுக்கும் அது செய்வதை வேறு எந்த வலிநிவாரணியும் செய்வதில்லை. நார்வே நரம்பியல் மருத்துவர் ஓட்டார் ஷோஸ்டாட் 1970-களிலும் 80-களிலும் தன் சகாக்களோடு இந்த இரண்டையும் அடையாளம் கண்டு விவரித்தபோதே இந்த விசித்திரத்தைக் கவனித்திருந்தார். 'கொஞ்சம் குறைந்தது' என்ற கதையே கிடையாது, வலி முழுசாக நின்றுவிடும். அப்படி நிற்பதே நோயை உறுதிப்படுத்தும் சோதனை.

இங்கேதான் அளவு விளையாடுகிறது. 25 மில்லிகிராம் மூன்று வேளை போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை என்று விட்டவர்கள் நிறையப் பேர். நாளொன்றுக்கு 150 மில்லிகிராமாவது தொட வேண்டும், தேவைப்பட்டால் 225 வரை படிப்படியாக ஏற்ற வேண்டும். அதுவரை போகாமல் இந்த நோய் இல்லை என்று கையெழுத்துப் போட முடியாது. சரியான அளவு எட்டியதும் சிலருக்கு ஒன்றிரண்டு நாளிலேயே வித்தியாசம் தெரியும். பத்து வருட வலி இரண்டு நாளில் நின்றால் சிலர் நம்ப மறுப்பார்கள். மாத்திரையை நிறுத்திப் பார்ப்பார்கள், வலி திரும்ப வந்து நிற்கும்.

விலையும் உண்டு. வயிற்றுப்புண், ரத்தப்போக்கு, சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள். வலி அடங்கிய பிறகு எவ்வளவு குறைந்த அளவில் நிற்கிறதோ அதுவரை இறக்க வேண்டும். வயிறு தாங்காதவர்களுக்கு மெலடோனின், செலிகாக்சிப், ஆக்சிபிடல் நரம்பு ஊசி ஆகியவற்றை மருத்துவர்கள் முயல்வார்கள். எல்லோருக்கும் அதே பலன் வராது.

சில விநாடிதான், ஆனால் மின்சாரம் பாய்ந்த மாதிரி. இது என்ன?

இரண்டு சாத்தியங்கள். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா (முகத்து நரம்பின் வலி) என்றால் பெரும்பாலும் கன்னம், தாடை. பல் துலக்கினால், முகம் கழுவினால், காற்று பட்டால் வெட்டும். ஒரு வெட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் அதே இடத்தைத் தொட்டாலும் வராது. சன்க்ட் என்றால் கண்ணும் நெற்றியும். கண் ரத்தமாகச் சிவந்து நீர் கொட்டும், ஓய்வே இல்லாமல் அடுத்தடுத்து வரும்.

முன்னதற்கு கார்பமாஸெபின் அல்லது ஆக்ஸ்கார்பஸெபின். ஆசிய வம்சாவளியினருக்கு கார்பமாஸெபின் தொடங்கும் முன் எச்.எல்.ஏ-பி 1502 என்ற மரபணுச் சோதனை செய்வது நல்லது. அந்த மரபணு இருப்பவர்களுக்குத் தோல் உரிந்துபோகும் உயிராபத்தான ஒவ்வாமை வரக்கூடும். எம்.ஆர்.ஐ.யில் ரத்தக்குழாய் நரம்பை அழுத்துவது தெரிந்தால், இரண்டையும் பிரித்துவைக்கும் அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும். சன்க்டுக்கு முதல் தேர்வு லாமோட்ரிஜின். வாரக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் தோலில் கடும் தடிப்பு வரும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் தாக்கும் மோசமான கட்டத்தில் மருத்துவமனையில் சேர்த்து, இதயத்துடிப்பைக் கண்காணித்தபடி ரத்தநாளம் வழியே லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தை ஏற்றுவார்கள்.

ஒரு குறிப்பிட்ட நாளில் தொடங்கிய வலி இன்றுவரை நிற்கவே இல்லை. அந்தத் தேதிகூட நினைவிருக்கிறது.

தேதி நினைவிருப்பதே முக்கியமான துப்பு. தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் தொடர்வலியாகி, 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அதைப் புதிய தினசரித் தொடர் தலைவலி என்கிறார்கள். 1986-இல் முதலில் விவரிக்கப்பட்டது. காய்ச்சல், வைரஸ் தொற்று, பெரிய மன அதிர்ச்சி ஆகியவற்றுக்குப் பிறகு தொடங்கியதாகப் பலர் சொல்வார்கள். சிலருக்கு மாதங்களில் தானாகவே அடங்கும், சிலருக்கு எந்த மருந்துக்கும் மசியாது. இதற்கென்று நிரூபணமான தனி மருந்து கிடையாது. வலி மைக்ரேன் சாயலில் இருந்தால் மைக்ரேன் மருந்துகளையும், இறுக்கிப் பிடிப்பதுபோல் இருந்தால் அதற்குரியவற்றையும் கொடுத்துப் பார்ப்பார்கள். உள்ளதில் மிகவும் பிடிவாதமான தலைவலி இதுதான் என்பது என் எண்ணம்.

ஆனால் இந்தப் பெயரை வைக்கும் முன் இரண்டு வேடதாரிகளைத் தேட வேண்டும். நின்றாலோ உட்கார்ந்தாலோ வலி ஏறி, படுத்தால் இறங்குகிறதா? முதுகுத்தண்டில் எங்கோ திரவம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் ரத்தத்தையே எடுத்து முதுகில் செலுத்தி ஓட்டையை அடைக்கும் சிகிச்சை இதற்கு இருக்கிறது. மாறாக, படுத்தால் ஏறுகிறதா, குனிந்தால் பார்வை சில விநாடி மங்குகிறதா, காதில் நாடித்துடிப்பு கேட்கிறதா? மூளைத் திரவத்தின் அழுத்தம் கூடியிருக்கலாம். உடல் பருமன் உள்ள இளம்பெண்களிடம் இது அதிகம். கண்ணின் பின்புறத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். விட்டுவிட்டால் பார்வையே போகும். எடைக் குறைப்பும் அசிட்டஸோலமைடும் இதற்கான வழி. இரண்டையும் வலிநிவாரணி கொடுத்தே வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பதைப் போன்ற அநியாயம் கிடையாது.

தூக்கத்தில் மட்டும் தலைவலி வந்து எழுப்புகிறது.

50 வயதுக்கு மேல், தூக்கத்தில் மட்டுமே வந்து, விழித்த பிறகு கால் மணி நேரமாவது நீடித்து, மாதத்தில் 10 நாளாவது வந்தால் ஹிப்னிக் தலைவலியாக இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், படுக்கும் முன் ஒரு கப் காபி குடித்தாலே பலருக்கு நின்றுவிடுகிறது, தூக்கமும் கெடுவதில்லை. கேட்காவிட்டால் லித்தியம் அல்லது இன்டோமெதாசின். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, இரவில் ரத்த அழுத்தம் ஏறுகிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

வலி மாத்திரையே தலைவலியை உண்டாக்குமா?

உண்டாக்கும். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை மாதம் 15 நாளுக்கு மேலும், ட்ரிப்டான் (சுமட்ரிப்டான் போன்றவை), பல மருந்து கலந்த வலி மாத்திரை, அபின் வகை மருந்துகளை மாதம் 10 நாளுக்கு மேலும் 3 மாதமாக எடுத்து வந்தால், அதனாலேயே மாதத்தில் பாதி நாள் தலைவலி வரும் நிலை உருவாகும். கவனியுங்கள், எண்ணுவது நாட்களை, மாத்திரைகளை எண்ணவில்லை. ஒரே நாளில் நாலு போட்டாலும் அது ஒரு நாள்தான். ஏற்கெனவே மைக்ரேன் உள்ளவர்களுக்கே இது அதிகம் வரும். முதுகுவலிக்காகத் தினமும் மாத்திரை போடுகிற, மைக்ரேன் இல்லாதவருக்கு வருவது அபூர்வம்.

நிறுத்தினால் முதல் பத்து நாள் வரை வலி கூடும், குமட்டும், தூக்கம் வராது. அந்த நாட்களைத் தாண்ட முடியாமல் பலரும் பழைய மாத்திரைக்கே திரும்பிவிடுகிறார்கள். சாதாரண வலிநிவாரணிகளையும் ட்ரிப்டானையும் ஒரேயடியாக நிறுத்திவிடலாம். அபின் வகை மருந்துகளை அப்படிச் செய்யக் கூடாது, மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாக. அதே சமயத்தில் தடுப்பு மருந்தையும் தொடங்கிவிடுவது நல்லது. வெறுங்கையோடு நிறுத்தச் சொல்லி அனுப்புவது நோயாளியைத் தண்டிப்பதாகத்தான் முடிகிறது.

மைக்ரேன்தான், ஆனால் நாலைந்து மருந்துக்கும் கேட்கவில்லை. புதிதாக என்ன இருக்கிறது?

மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலிக்கும் நாள்பட்ட மைக்ரேனுக்கு போட்யுலினம் (போடாக்ஸ்) ஊசி: நெற்றி, கன்னப்பொறி, பின்தலை, கழுத்து என 31 இடங்களில் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒருமுறை. அழகுக்காகப் போடும் அதே மருந்துதான், கேலிக்கு ஆளாகும் அளவுக்குப் பிரபலம். முதல் சுற்றோடு தீர்ப்புச் சொல்லக் கூடாது, இரண்டாவது சுற்றில் பலன் தெரிகிறவர்கள் உண்டு.

அடுத்தது சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தை மறிக்கும் மருந்துகள். மைக்ரேனின்போது ட்ரைஜெமினல் நரம்பு முனைகளிலிருந்து வெளியாகும் பொருள் அது. லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி, மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலெசன் ஆகிய நால்வருக்கும் மைக்ரேன் ஆய்வுக்காக 2021-ஆம் ஆண்டின் பிரெயின் பரிசு கிடைத்தது. இந்த வகையில் எரனுமாப் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, பிறகு வேறு சிலவும் வந்தன. பழைய தடுப்பு மருந்துகள் எல்லாம் வலிப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் கண்டுபிடித்தவை, மைக்ரேன் இரவல் வாங்கிக்கொண்டது. இவைதான் மைக்ரேனுக்கென்றே செய்த முதல் தடுப்பு மருந்துகள். 3 மாதமாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கருவுற்றிருப்பவர்களும் கருவுறத் திட்டமிடுபவர்களும் இந்த வகைக்குக் காத்திருக்க வேண்டும். வால்ப்ரோயேட், டோபிரமேட் இரண்டும் கருவுக்குக் கேடு, அவற்றை எடுத்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

ஸ்கேன் நார்மல் என்றால் வலி மனசில் இருக்கிறதா?

இல்லை. எம்.ஆர்.ஐ. காட்டுவது மூளையின் வடிவத்தை. கட்டி, கசிவு, அடைப்பு இல்லை என்று சொல்லும், வேலை சரியாக நடக்கிறதா என்று சொல்லாது. 1998-இல் லண்டனில், கிளஸ்டர் நோயாளிகளுக்கு நைட்ரோகிளிசரினால் தாக்குதலைத் தூண்டி பெட் ஸ்கேன் (மூளை வேலை செய்வதைக் காட்டும் ஸ்கேன்) எடுத்தபோது, மூளைக்குள் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியின் பின்புறம் விழித்துக்கொள்வது படத்திலேயே தெரிந்தது. உடம்பின் கடிகாரமும் ஹைப்போதலாமஸில்தான் இருக்கிறது, ஆனால் அதன் முன்பகுதியில். தினமும் ஒரே நேரத்துக்கு வலி வருவதற்கு விடை ஹைப்போதலாமஸில் இருக்கலாம்.

ஆனாலும் கிளஸ்டர் குடும்பத்துத் தலைவலிகளுக்கு ஒரு தடவையாவது எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும், பிட்யூட்டரி சுரப்பியையும் சேர்த்து. அங்கே வரும் கட்டிகள் அசல் கிளஸ்டரைப் போலவே நடிக்கக்கூடும்.

மருந்தெல்லாம் தோற்ற பிறகு அறுவை சிகிச்சை இருக்கிறதா?

இப்போது நரம்பை வெட்டுவதைவிட நரம்பைத் தூண்டுவதுதான் வழி. எளியது, கழுத்தில் கருவியை வைத்து வேகஸ் நரம்பைத் தூண்டுவது. உடம்பைத் திறக்க வேண்டாம், விட்டு விட்டு வரும் கிளஸ்டரில் ஓரளவு உதவுகிறது. அடுத்து, பின்தலைத் தோலுக்கடியில் மின்கம்பிகளைப் பதித்து ஆக்சிபிடல் நரம்பைத் தூண்டுவது. மருந்துக்கு அடங்காத நாள்பட்ட கிளஸ்டர் நோயாளிகளிடம் செய்து 2021-இல் வெளியான ஆய்வில் வாராந்திரத் தாக்குதல்கள் சுமார் பாதியாகக் குறைந்தன. ஆனால் முழுத் தூண்டலுக்கும் 30 சதவீதத் தூண்டலுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், எவ்வளவு மின்சாரத்தின் வேலை, எவ்வளவு மற்றவற்றின் வேலை என்ற கேள்வி தொங்கிக்கொண்டிருக்கிறது. கம்பி நகர்வது, தொற்று, பேட்டரி மாற்றம் என்று மறு அறுவை சிகிச்சைகளும் வரும்.

கடைசிப் படி ஹைப்போதலாமஸுக்குள்ளேயே மின்முனையை இறக்குவது. மிலன் நகர மருத்துவர்கள் 2001-இல் முதன்முதலில் வெளியிட்டார்கள். மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிரிழப்பும் பதிவாகியிருக்கிறது. மற்ற எல்லாக் கதவுகளும் மூடிய பிறகுதான் இதைப் பேச வேண்டும்.

இணையத்தில் சைகடெலிக் காளான் கேட்கிறது என்கிறார்களே?

அந்தக் காளானில் இருக்கும் சைலோசைபினை வைத்துச் சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன, முடிவாக எதுவும் சொல்லும் அளவுக்கு இல்லை. லித்தியம் எடுத்துக்கொண்டிருப்பவர் இதைத் தொட்டால் வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. சட்டச் சிக்கல் வேறு.

வலி தாங்காமல் செத்துவிடலாம்போல் இருக்கிறது.

கிளஸ்டர் நோயாளிகள் பலருக்கு இந்த எண்ணம் வருகிறது, குறிப்பாகத் தாக்குதலின் நடுவே. இதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், இதே வார்த்தையில். சொன்னால்தான் ஆக்சிஜனும் ஊசியும் அவசரமாகக் கிடைக்கும். எண்ணம் வலி விட்ட பிறகும் தங்கினால், அல்லது எப்படிச் செய்வது என்று யோசனை ஓடினால், அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள். வீட்டாருக்கு: தாக்குதலின்போது கட்டிப்பிடித்து உட்காரவைக்க முயல வேண்டாம், அவரால் முடியாது. சிலிண்டரைத் திறந்துகொடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருங்கள்.

எந்தத் தலைவலிக்கு உடனே ஓட வேண்டும்?

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் திடீர்வலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், குழப்பம், வலிப்பு. தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலி. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கி, மெல்லும்போது தாடை வலித்து, நெற்றிப்பொட்டைத் தொட்டாலே வலித்தால் தமனி அழற்சியாக இருக்கலாம்; ஸ்டீராய்டு ஒரு நாள் தாமதமானாலும் பார்வை போகக்கூடும். கர்ப்ப காலத்திலோ பிரசவத்தை ஒட்டியோ வரும் புதிய கடும் தலைவலி. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு தலைவலி நோய் இருப்பது இவற்றிலிருந்து பாதுகாப்பு தராது. 'வழக்கமான வலிதான்' என்று மற்றவர் சொன்னாலும், உங்களுக்கு வித்தியாசமாகப்பட்டால் போய்விடுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது என்ன கொண்டுபோவது?

ஒரு தாளில் மருந்துகள்: பெயர், எட்டிய அதிகபட்ச அளவு, எத்தனை வாரம், நிறுத்திய காரணம். இன்னொரு தாளில் ஒரு மாதக் குறிப்பு. 'இரவு 1.50, இடது கண், 55 நிமிடம், கண்ணில் நீர், ஆக்சிஜன் 15 லிட்டர், 12 நிமிடத்தில் விட்டது' என்ற ஒரே வரி, அரைப் பக்கப் புலம்பலைவிட மருத்துவருக்கு அதிகம் சொல்லும். வலி மாத்திரை போட்ட நாட்களைத் தனியே வட்டமிடுங்கள், கூச்சப்பட்டு ஒன்றிரண்டைக் குறைக்காதீர்கள். முடிந்தால் தாக்குதலின்போது முகத்தை வீட்டில் யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தொங்கிய இமையும் சிவந்த கண்ணும் மருத்துவர் முன்னால் உட்காரும் நேரத்தில் இருக்கப்போவதில்லை. மருந்து எழுதித் தந்ததும் கேட்க வேண்டியது: இதை எவ்வளவு வரை ஏற்றலாம், எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும், கேட்காவிட்டால் அடுத்தது என்ன.